ஒரு பிஸ்கெட் இடைவெளி

நெவில் ஆட்டவெல் ஸ்க்ரூடிரைவரை மெல்லத்தான் வைத்தார். குத்தவில்லை, அழுத்தவில்லை. வைத்தார், அவ்வளவுதான். ஊறவைத்த ரஸ்க்குக்குள் விரல் போவதுபோல அது காரின் அடிச்சட்டத்துக்குள் இறங்கி, மறுபக்கம் வந்து எட்டிப் பார்த்தது. அந்த ஓட்டை வழியாகத் துரு கொட்டத் தொடங்கியது. கொட்டியது, கொட்டியது, ஒரு பூந்தொட்டி நிரம்பும் அளவுக்குக் கொட்டியது. அதில் ஒரு ரோஜாச் செடியை நட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் பூத்திருக்கும்.

"எப்படி இருக்கு, வாத்தே?" என்று கேட்டாள் கராஜ் வாசலில் டீக் கோப்பையோடு நின்ற மனைவி கிளெனிஸ்.

இங்கிலாந்தின் பெல்பர் ஊரில் பெண்டாட்டி, புருஷன், தபால்காரர், பல் டாக்டர் எல்லோரும் எல்லோருக்கும் செல்லமாக வாத்துதான். ஆண்களுக்குள் மட்டும் 'இளவட்டம்'. எண்பத்தெட்டு வயதில் மூக்கில் குழாயோடு படுத்திருப்பவரைப் பார்க்கப் போனாலும், "என்ன இளவட்டம், எப்படியிருக்க?" என்றுதான் கேட்பார்கள்.

"கொஞ்சம் மேல்துரு. அவ்வளவுதான்," என்றார் நெவில்.

பதினொரு வருஷமாக அவர் சொல்லிவரும் பதில் அது. பழைய கார் வைத்திருக்கும் ஆண்கள் அந்த நாட்டில் பிறந்ததும் முதலில் அழுவார்கள், அடுத்து 'கொஞ்சம் மேல்துரு' என்பார்கள். வண்டி இரண்டாக ஒடிந்து ஒரு பாதி பக்கத்துத் தெருவில் கிடந்தாலும் அது கொஞ்சம் மேல்துருதான்.

கிளெனிஸ் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"மேல்துருன்னா மேலதான இருக்கணும்? இது ஏன் கீழ குமிஞ்சு கெடக்கு?"

நெவில் டீயை வாங்கிக் குடித்தார். அது அவருக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். பதினொரு குளிர்காலமாக அவளுடைய சின்னக் கார் வெளியே பனியில் நிற்க, காலையில் அவள் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்ட, கராஜுக்குள் இந்தப் பச்சை நிற இரண்டு இருக்கைச் சீமாட்டி போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அத்தனை குளிரும் அன்று கிளெனிஸின் குரலில் இருந்தது.

"மே மாசம் முதல் வியாழன், காலைல பத்து மணி. வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான்னு பாக்கற டெஸ்ட்டுக்குப் பதிவு பண்ணிட்டேன். பாஸானா வண்டி இங்கயே இருக்கட்டும், நான் ஒரு வார்த்த பேசல. ஃபெயிலானா அப்பவே கிளிஃபோர்ட் ஏத்திட்டுப் போயிடுவான்."

"நாப்பது வருஷம் தாண்டின வண்டிக்கு டெஸ்டே தேவையில்ல. சட்டமே சொல்லுது!"

"சட்டம் வந்து அதுல உக்காரப் போறதில்ல. நான்தான் உக்காரணும்."

கிளிஃபோர்ட் ராக், கிளெனிஸின் சித்தப்பா மகன். பழைய கார்களை வாங்கி, பிரித்து, துண்டு துண்டாக விற்பவர். ஞாயிறுதோறும் வருவார். கராஜுக்குள் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். நெவிலின் காரைப் பார்க்கும்போது அவர் கண்கள் சவப்பெட்டிக்கு அளவெடுப்பவரின் கண்கள்போல நீளம், அகலம், உயரம் என்று நகரும். "அவசரமில்ல இளவட்டம், அதுவா அடங்கட்டும்," என்று காரின் முதுகைத் தடவிவிட்டுப் போவார்.

நெவிலுக்கு ஏன் அந்த வண்டி வேண்டும்? முப்பத்துநாலு வருஷம் அவர் டார்பிக்கும் பெல்பருக்கும் இடையே பஸ் ஓட்டியவர். எங்கே நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அவர் முடிவு செய்ததே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு மணி முடிவு செய்தது. ஒருமுறை அடித்தால் நில், இருமுறை அடித்தால் போ. ஓய்வு பெற்று முதல் ஆறு மாதம், சர்ச் மணி அடித்தால் நடைபாதையிலேயே நின்றுவிடுவார். பின்னால் வருபவர்கள் அவர் முதுகில் மோதுவார்கள். ஒரே ஒரு தடவை, கூரையைக் கழற்றிவிட்டு, பக்ஸ்டன் மலைப்பாதையில், எவனும் மணி அடிக்காமல் ஓட்ட வேண்டும். இந்தப் பதினொரு வருஷத்தில் அந்தக் காரை அவர் ஒரு கஜம்கூட ஓட்டியதில்லை. போர்வையை விலக்கி, உள்ளே உட்கார்ந்து, வாயாலேயே கியர் மாற்றிப் பார்த்ததோடு சரி.

இப்போது பிப்ரவரி. மே முதல் வியாழனுக்கு எழுபத்தேழு நாள் இருந்தது.

அவர் பெரிலைக் கூப்பிட்டார்.

பெரில் ஸ்டப்பிங்ஸ் டார்பி ரயில்பெட்டிப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் வெல்டிங் செய்தவள். அறுபத்தொன்பது வயது. அவள் முன்கையைப் பார்த்தால் கால் என்று நினைப்பீர்கள். மூன்றாவது தெருவிலிருந்து வெல்டிங் மெஷினைச் சாமான் பைபோலத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தாள். காருக்கு அடியில் படுத்தாள். நெவில் அவளுடைய பூட்ஸ் நுனிகளைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"யோவ் நெவில்," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இது சேசிஸ் இல்லய்யா. சேசிஸ் இருந்த எடத்தோட ஞாபகம்."

"கொஞ்சம் மேல்—"

"அந்த வார்த்தய இன்னொரு தடவ சொன்ன, ஒன் வாயயும் சேத்து வெல்டு வெச்சிருவேன்."

அவள் வெளியே வந்து, தலையில் இருந்த துருவைத் தட்டிவிட்டு, செய்ய வேண்டியதைச் சொன்னாள். உடம்பை அடிச்சட்டத்திலிருந்து கழற்றித் தூக்க வேண்டும். பின்பாதி நீளச் சட்டம் இரண்டையும் வெட்டி எறிந்து புது இரும்பு வைக்க வேண்டும். உடம்பு உட்காரும் பக்கவாட்டுக் கைகள் ஆறும் புதிது.

"ஆனா தூக்கறதுக்கு முன்னால கதவு வாசல் ரெண்டுலயும் குறுக்க கம்பி வெச்சுப் பிடிக்கணும். கூரையில்லாத வண்டி. பிடிக்காம தூக்கினா கடற்கரை மடக்கு நாற்காலி மாதிரி மடங்கிரும். அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது. எத்தன பேரு அழுதத பாத்திருக்கேன் தெரியுமா? ஒருத்தன் கதவயே கழட்டிட்டு மழைக்கோட்டு போட்டுட்டு ஓட்டறான்."

"கதவு இடைவெளிக்கு அளவு புத்தகத்துல மில்லிமீட்டர்ல போட்டிருக்கு," என்று நெவில் எண்ணெய்க்கறை படிந்த கையேட்டை நீட்டினார்.

பெரில் அதை வாங்கி, டீக் கோப்பைக்குக் கீழே வைத்தாள்.

"ரிச் டீ," என்றாள்.

"டீ போடட்டுமா?"

"ரிச் டீ பிஸ்கெட்டுய்யா! அதான் அளவு. கதவுக்கும் பின் உடம்புக்கும் நடுவுல ஒரு ரிச் டீய நெட்டாக்க விடு. தூள் விழாம போயி, தூள் விழாம வந்தா சரி. தூள் விழுந்தா இறுக்கம். லொடலொடன்னு ஆடினா அகலம். டைஜஸ்டிவ் கூடாது, பொடியும். க்ரீம் வெச்சது கூடவே கூடாது. ஒருத்தன் அத வெச்சு அளந்தான், இன்னிக்கும் அவன் கதவத் தொறந்தா எறும்பு எறங்கி வருது."

அளந்த பிஸ்கெட்டைத் தின்றுவிட வேண்டும் என்பதும் விதி. திரும்ப டப்பாவில் போட்டால் வண்டிக்கு ஆகாது. காரணம் யாருக்கும் தெரியாது. ஆனால் கிரீஸ் படிந்த பிஸ்கெட்டைத் தின்னாமல் விட்ட ஒருவரையும் நெவில் அந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை.

மார்ச் வந்தது. பப்பிலிருந்து ஆறு பேர் வந்து உடம்பைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள், ஆளுக்கு ஒரு துருப்பிடித்த சொக்காயோடு வீட்டுக்குப் போனார்கள். கீழே கிடந்த அடிச்சட்டத்தைப் பார்த்து நெவில் கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டார். பல இடங்களில் பெயிண்ட்தான் பெயிண்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. பெரில் வெட்டினாள். வெட்டிய துண்டுகளைக் கிளிஃபோர்ட் வந்து, "ஒனக்கு எதுக்கு இளவட்டம் இந்தக் குப்பையெல்லாம்," என்று அன்பாக லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கடைசி ஆணி வரை கூட்டி அள்ளினார். முழு வண்டியைத் தவணையில் எடுத்துப் போகிறார் என்று நெவிலுக்குத் தோன்றியது.

ஏப்ரலில் இரண்டு சங்கடங்கள் வந்தன. பெரியது என்று நெவில் நினைத்தது மழை. உண்மையில் பெரியது டாக்டர்.

நெவிலின் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? கதவைச் சரிபார்க்கிறேன் என்று ஒரு நாளைக்குப் பதினாலு ரிச் டீ உள்ளே போய்க்கொண்டிருந்தது. டாக்டர் கிளெனிஸைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார். கிளெனிஸ் அன்று சாயங்காலமே பிஸ்கெட் டப்பாவைக் காலி செய்துவிட்டு, ஓட்ஸில் செய்த, சர்க்கரை இல்லாத, அட்டைப் பலகை ருசியுள்ள பிஸ்கெட்டால் நிரப்பினாள். அதைப்பற்றி நெவிலிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வாதாடுவார். அவரோ அந்த நாட்களில் வாயில் போடுவது என்ன என்று கவனிக்கும் நிலையில் இல்லை. சோப்பைக் கொடுத்திருந்தாலும் டீயில் நனைத்துத் தின்றிருப்பார்.

இடது பக்கக் கதவை பெரிலே ரிச் டீ வைத்துப் பொருத்தி, அந்தப் பக்கத்துக் கைகளை முழு வெல்டு போட்டு முடித்திருந்தாள். வலது பக்கத்து வெல்டுக்கு முந்தின நாள் அவளுக்கு முழங்கால் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது.

"நீயே இடைவெளி வெச்சு, போல்ட்ட முறுக்கி வை. நாளைக்கு வந்து வெல்டு வைக்கறேன்."

நெவில் வைத்தார். டப்பாவைத் திறந்தார், பிஸ்கெட் எடுத்தார், தூள் விழாமல் போகும்வரை உடம்பை நகர்த்தினார், முறுக்கினார், தின்றார்.

மறுநாள் பெரில் கேட்டாள்: "பிஸ்கெட் நொழஞ்சுதா?"

"நொழஞ்சுது."

"தூள்?"

"ஒரு பொடி இல்ல."

பெரில் முகமூடியை இறக்கினாள். நீலப் பொறி பறந்தது. ஆறு பக்கவாட்டுக் கைகளும் இனி பூமி பிளந்தாலும் அசையாத மாதிரி ஒட்டிக்கொண்டன.

அப்புறம் குறுக்குக் கம்பிகளை வெட்டினார்கள், பெயிண்ட் அடித்தார்கள், ஒயர் இழுத்தார்கள். வண்டி ஸ்டார்ட் ஆன அன்று பக்கத்து வீட்டு நாய் மூன்று நாள் வீடு திரும்பவில்லை. கதவுப் பூட்டுகள் மட்டும் பாக்கி. மெருகேற்றக் கொடுத்த இடத்திலிருந்து தபாலில் வர வேண்டும். அதுவரை கதவுகளைக் கயிறால் கட்டி வைத்திருந்தார்கள். நெவில் தினமும் வாசலில் நின்று தபால்காரரை ஒரு மைல் தூரத்திலேயே கண்ணால் பிடித்து இழுத்தார்.

"இன்னிக்கு இல்ல, இளவட்டம்," என்பார் தபால்காரர், நெவில் வாயைத் திறக்கும் முன்பே பாவமாக.

பூட்டுகள் வந்தது புதன்கிழமை மத்தியானம். டெஸ்ட்டுக்கு இருபத்தோரு மணி நேரம் இருந்தது.

இடது கதவில் மாட்டிச் சாத்தினார்கள். 'டொக்.' வங்கிப் பெட்டகம்போல மூடியது. வலது கதவில், ஓட்டுநர் கதவில், மாட்டிச் சாத்தினார்கள். 'தொப்.' கதவு ஒரு கணம் யோசித்தது. பிறகு, வரவேற்புரை வழங்குவதுபோல, மெல்லத் திறந்துகொண்டது.

மறுபடி சாத்தினார்கள். மறுபடி வரவேற்பு. பெரில் தோளால் மோதினாள். கதவு சாத்தியது, நெவில் மூச்சு விட்டார், அந்தக் காற்றுக்குத் திறந்துகொண்டது.

பெரில் குனிந்து பார்த்தாள். கதவின் நாக்கு தூணில் இருக்கும் கொண்டியைத் தொடவேயில்லை. இடைவெளி அகலம்.

"யோவ். நீ எத வெச்சு அளந்த?"

"பிஸ்கெட்ட வெச்சுத்தான்!"

"எந்த பிஸ்கெட்டு?"

நெவில் ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்தார். பெரில் மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். ஒன்றை எடுத்து விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். செங்கல்லைக் கையில் வைத்திருக்கும் கொத்தனார்போல எடை பார்த்தாள்.

"இது ஓட்ஸு."

நெவிலின் முகத்தில் ரத்தம் என்ற ஒன்று இல்லாமல் போனது. சர்க்கரை மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கும்.

"கிளெனிஸ்!"

அவள் கையில் பாத்திரத் துணியோடு வந்தாள். விஷயம் கேட்டாள்.

"என் பிஸ்கெட்ட ஏன் மாத்தின?"

"நீ சாவக் கூடாதுன்னு மாத்தினேன். அது குத்தமா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அது தின்ற பொருள் இல்ல, அளவுகோலு!"

"அளவுகோலத் தினம் பதினாலு தின்னா எந்தப் பொண்டாட்டிதான் சும்மா இருப்பா? மூணு வாரமா அட்டையத் தின்னிருக்க, அது தெரியல ஒனக்கு!"

"சண்டைய நாளைக்குப் பத்து மணிக்கு மேல வெச்சுக்கங்க," என்றாள் பெரில். "வெல்ட பிரிக்க நாலு நாளாகும். ஒடம்ப நகத்த முடியாது. அப்ப கொண்டிய நகத்தணும். கொண்டிக்குப் பின்னால ஒரு தகடு பேக்கிங் குடுத்தா, முன்னால வந்து நாக்கக் கவ்விரும். ஓட்ஸு தடிமன்ல ரிச் டீ தடிமன் போக மிச்சம் எவ்வளவோ, அவ்வளவு தகடு. மூணு மில்லி."

"டெஸ்ட் பண்றவரு கவனிப்பாரா?" என்றார் நெவில்.

"ஓட்டறவரு பக்கத்துக் கதவு ஆடினாலே ஃபெயிலு. ஆடாம கவ்விக்கிட்டா அவரு எதுக்கு எழுதறாரு? மொதல்ல தகட்டக் கொண்டா."

நெவில் திரும்பிப் பார்த்தார். இரண்டு மாதமாக இரும்பு வெட்டிய கராஜில் ஒரு தகடு இல்லை. ஆணியின் நிழல்கூட இல்லை. கிளிஃபோர்ட் கூட்டி அள்ளிய தரை நடன அரங்கம்போலப் பளபளத்தது. இரும்புக் கடைக்கு ஓடினார். புதன்கிழமை. ஊர் முழுக்க அரைநாள். கடைக்காரர் கதவைப் பூட்டிவிட்டு மீன் பிடிக்கப் போயிருந்தார். சாலை முனையில் கிளிஃபோர்டின் லாரி நின்றது. அதில் தகட்டு மலையே இருந்தது. கேட்கலாமா? கேட்டால் எதற்கு என்று கேட்பார். பதில் சொன்னால் இரவோடு இரவாகக் கயிறு கொண்டுவருவார். நெவில் தலையைத் திருப்பிக்கொண்டு, விசில் அடித்தபடி நடந்தார். விசில் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

கராஜுக்குத் திரும்பியபோது கிளெனிஸ் வேலை மேஜை அருகே நின்றிருந்தாள். கையில் ஒரு பித்தளைத் தகடு.

முன்னறைச் சுவரில் பதினொரு வருஷமாகக் கோணலாகத் தொங்கிய தகடு. ஓய்வு பெற்ற அன்று பஸ் கம்பெனி கொடுத்தது. 'என். ஆட்டவெல் அவர்களுக்கு, முப்பத்துநாலு ஆண்டு விபத்து இல்லாத சேவைக்காக.'

"இது போதுமான தடிமனா?" என்றாள் பெரிலிடம்.

பெரில் நகத்தால் ஓரத்தைத் தடவினாள். "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

நெவிலுக்குப் புரியவில்லை. "கிளெனிஸ், நாளைக்கு ஃபெயிலானா வண்டி போகணும்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். சொன்னது சொன்னதுதான்." அவள் துணியால் தகட்டைத் துடைத்தாள். "துருவால ஃபெயிலானா அது ஒன் பாடு. என் பிஸ்கெட்டால ஃபெயிலாகக் கூடாது. ஊர்ல நான் தல காட்ட வேணாமா?"

பெரில் தகட்டை வெட்டி இரண்டு துளை போட்டாள். ஒரு துளை சரியாக 'இல்லாத' என்ற சொல்லின் மேல் விழுந்தது. 'விபத்து', அப்புறம் ஒரு ஓட்டை, அப்புறம் 'சேவைக்காக' என்று மிச்சம் நின்றது. மூவரும் அதைப் பார்த்தார்கள். பெரில் அவசரமாக எழுத்துப் பக்கத்தைத் தூணை நோக்கித் திருப்பி முடுக்கினாள்.

கதவு சாத்தியது. 'டொக்.'

நெவில் அதை நூற்றுநாற்பது தடவை சாத்திப் பார்த்தார். நூற்றுநாற்பத்தோராவது தடவை கிளெனிஸ் சமையலறை ஜன்னலைத் திறந்து, "தேஞ்சுரப் போவுது!" என்று கத்தினாள்.

வியாழன் காலை. பெரில் வரவில்லை; வெல்டு வைத்தவள் கூட நின்றால் வெல்டுக்குக் கூச்சம் வந்துவிடும் என்றாள். பாஸாகும்வரை உட்கார மாட்டேன் என்ற கிளெனிஸ் பஸ்ஸில் வந்தாள். நெவில் தன் வாழ்வில் முதல் தடவையாக அந்தக் காரை ஒன்றரை மைல் ஓட்டினார். அதில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. இடது கையால் ஸ்டீயரிங், வலது கை வெளியே தொங்கிக் கதவைப் பிடித்தபடி. எதிரே வந்தவர்கள் எல்லாம் தங்களுக்குத்தான் கை காட்டுகிறார் என்று பதிலுக்குக் கை காட்டினார்கள்.

சோதனை நிலையத்தின் எதிரே கிளிஃபோர்டின் லாரி நின்றது. தளம் இறக்கி, கொக்கி தொங்கவிட்டு, தயாராக. கிளிஃபோர்ட் உள்ளே உட்கார்ந்து உருளை வறுவல் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். நெவிலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

சோதனைக்காரர் மிஸ்டர் இல்ஸ்லி பேசுகிற ஆள் இல்லை. அவருக்குக் கல்யாணமானபோது 'சம்மதம்' என்று சொல்லக்கூடத் தலையைத்தான் ஆட்டினார் என்பார்கள். வண்டியைத் தூக்கியில் ஏற்றி மேலே உயர்த்தினார். சின்னச் சுத்தியலை எடுத்தார்.

'டங்.'

புது இரும்பு.

'டங். டங்.' சுத்தியல் பின்னாலிருந்து முன்னால் வந்தது. 'டங்.' பக்கத்தில் கிளெனிஸ் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள்.

'தொத்.'

இல்ஸ்லி நின்றார். அது பழைய இரும்பு, முன் குறுக்குச் சட்டம். பெரில் நல்லது என்று விட்டுவைத்தது. இல்ஸ்லி டார்ச் அடித்தார். காதை வைத்துக் கேட்டார். வெளியே லாரியின் இஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. கிளிஃபோர்டின் காது அவ்வளவு கூர்மை.

மறுபடி தட்டினார். 'தொத்.' ஒரு பெரிய துண்டு பெயர்ந்து தரையில் விழுந்தது.

நெவில் கண்ணை மூடிக்கொண்டார். இருட்டில் பக்ஸ்டன் மலைப்பாதை வளைந்து வளைந்து தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"சேறு," என்றார் இல்ஸ்லி. ஐம்பது வருஷத்துச் சேறு, கல்லாக இறுகியிருந்தது. விழுந்த இடத்தில் தட்டினார். 'டங்.'

வண்டி இறங்கியது. விளக்கு, பிரேக், ஹார்ன், ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாகக் கதவுகள். இடது கதவைச் சாத்தினார், திறந்தார். வலது கதவைச் சாத்தினார். 'டொக்.' பிடித்து இழுத்தார். நின்றது. இரண்டு கையாலும் இழுத்தார். நின்றது. திறந்தார், சாத்தினார். பிறகு இரண்டு அடி பின்னால் போய் நின்று, இடது இடைவெளியைப் பார்த்தார். சுற்றிவந்து வலது இடைவெளியைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அலுவலகத்துக்குள் போனார்.

"எதுக்குப் போறாரு?" என்று நெவில் கிசுகிசுத்தார்.

"எனக்கெப்படித் தெரியும்? மூச்ச விடு, நீலமாயிட்ட."

இல்ஸ்லி திரும்பிவந்தார். கையில் ஒரு தகர டப்பா. திறந்தார். ஒரு ரிச் டீயை எடுத்து இடது பக்க இடைவெளியில் விட்டார். தூள் விழாமல் போனது. வலது பக்கத்தில் விட்டார். லொடலொட என்று ஆடியது. அந்தச் சத்தம் நெவிலுக்குச் சுத்தியலைவிடப் பெரிதாகக் கேட்டது.

இல்ஸ்லி பிஸ்கெட்டை எடுத்து, யோசித்தபடி நெவிலைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் என்ன பிஸ்கெட்டு?"

கிளெனிஸ்தான் முன்னால் வந்தாள்.

"ஓட்ஸு. நான்தான் மாத்தினேன்."

"டாக்டரா?"

"சர்க்கர."

இல்ஸ்லி நெடுநேரம் தலையாட்டினார். "எனக்கும்தான்," என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று பின்னால் விசாரித்ததில் தெரிந்தது. அளந்த பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் தவித்தார். பிறகு, விதி விதிதான் என்று, கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

காகிதத்தில் பாஸ் என்று எழுதினார். கீழே குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி: 'வலது கதவு இடைவெளி, ஒரு ஓட்ஸ். பாதுகாப்புக்குக் குறைவில்லை.'

எதிரே லாரியின் தளம் முனகிக்கொண்டே மேலே ஏறியது. கிளிஃபோர்ட் சாலையைக் கடந்து வந்து, காரை ஒருமுறை சுற்றி, அடியில் குனிந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"மோசமில்ல, இளவட்டம்," என்றார். அந்த ஊரில் ராணிக்குக்கூட அதற்குமேல் ஒரு பாராட்டு சொன்னதாகச் சரித்திரம் இல்லை. "ஆனா மேல கொஞ்சம் துரு வருது பாத்துக்க." அந்த வார்த்தையைக் கேட்டு நெவிலால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

கிளெனிஸ் உட்கார்ந்தாள். தலையில் துணி கட்டிக்கொண்டாள். கூரை இல்லை, மேகம் இல்லை, பக்ஸ்டன் மலைப்பாதை முன்னால் விரிந்து கிடந்தது. நெவில் வலது கையால் கதவைப் பிடித்தபடியே ஓட்டினார்.

"கதவ விடு, வாத்தே. அது நிக்கும்."

"கொஞ்ச தூரம் போகட்டும்."

முதல் வளைவு. கதவு நின்றது. இரண்டாவது வளைவு. நின்றது. நெவில் ஒரு விரலை எடுத்தார். அப்புறம் இரண்டு. காற்று காதில் கத்தியது. அவர் வாய் தானாகவே கியர் சத்தம் போட ஆரம்பித்தது, இஞ்சின் நிஜமாகவே போட்டுக்கொண்டிருந்தும்கூட. ஏற்றத்தின் நடுவே ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. மூன்று பேர் சாமான் பையோடு நின்றார்கள்.

நெவிலின் கால் அவரைக் கேட்கவில்லை. வேகம் குறைந்தது. இண்டிகேட்டர் அடித்தது. வண்டி ஓரமாக, அளவெடுத்ததுபோல நடைபாதையிலிருந்து ஓரடி தள்ளி, நிறுத்தத்தில் போய் நின்றது. மூன்று பேரும் காரைப் பார்த்தார்கள். முன்னால் நின்ற அம்மாள், பழக்கதோஷத்தில், பஸ் பாஸை எடுத்துக் காட்டிவிட்டாள்.

நெவில் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எப்படிக் கிளம்புவது என்று அவருக்கு மறந்தே போயிருந்தது.

கிளெனிஸ் அவரைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அது அசையாமல் சாத்தியிருந்தது. பிறகு கல்யாண மோதிரத்தால் முன்னால் இருந்த கண்ணாடியின் விளிம்பில் தட்டினாள்.

டிங், டிங்.

நெவில் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தார். வண்டி கிளம்பியது.